வாடகை வண்டியும் வனத்து வழியும்

2023ஆம் ஆண்டுப் பள்ளி விடுமுறை ஒன்று தொடங்குவதற்கு முதல் நாள், ஐந்தாம் ஆண்டு மாணவர்களோடு உரையாடிக்கொண்டிருந்தோம். விடுமுறையில் எங்கே செல்கிறீர்கள் என்று அவர்கள் எம்மை வினவினர். சரவாக் மாநிலத்துக் கூச்சிங் நகருக்குச் செல்லப் போவதாகவும், அங்கே ஒரு மகிழுந்தை வாடகைக்கு எடுத்து, நகரையும் அதனை அடுத்துள்ள தேசியப் பூங்காக்களையும் காணப் போவதாகவும் கூறினோம். பின்வரிசையில் அமர்ந்திருந்த சிறுமி ஒருத்தி எழுந்து, "தேசியப் பூங்காவில் ஊஞ்சல் இருக்குமா, ஐயா?" என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. எமக்கோ சிரிப்பு வரவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் அறிந்த பூங்கா, பட்டணத்தில் ஊஞ்சலும் சறுக்குமரமும் உள்ள திடல்தானே! பார்த்து வந்து சொல்வதாக அச்சிறுமிக்கு வாக்களித்தோம். அந்த வாக்கை நிறைவேற்றவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

வண்டி எடுத்த கதை

கோலாலம்பூரிலிருந்து கூச்சிங் நகருக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம். எம் துணைவியாருக்கு அதுவே முதல் விமானப் பயணம். நம் நாட்டுக்குள்ளேயே செல்கின்றோம் என்றாலும், கூச்சிங்கில் இறங்கியதும் குடிநுழைவு அதிகாரியின் முன் அடையாள அட்டையைக் காட்ட வேண்டியிருந்தது. 1963ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் மலேசியா உருவானபோது, குடிநுழைவு தொடர்பான அதிகாரத்தைச் சரவாக் தன் கையில் வைத்துக்கொண்டது. வரலாற்றுப் பாடத்தில் நாம் பலமுறை கற்பித்த செய்திதான். எனினும் அதிகாரி எம் அட்டையை வாங்கிப் பார்த்த அந்த நொடியில்தான், நூலில் உள்ள ஒரு வரி எமக்கு உயிர் பெற்றது.

சுற்றுலா நிறுவனத்தாரின் வண்டியில் செல்லலாம் என்றே முதலில் எண்ணியிருந்தோம். ஆனால் அவர்கள் காட்டும் இடத்தை அவர்கள் குறித்த நேரத்தில் கண்டு, அவர்கள் அழைத்தவுடன் ஓடிவந்து ஏறவேண்டும். "விடுமுறையிலுமா பெரட்டுக்கு நிற்க வேண்டும்?" என்று துணைவியார் கேட்டார். தோட்டத்துச் சங்கொலிக்கு எழுந்து வளர்ந்தவர்களாகிய எமக்கு அவ்வினாவின் பொருள் நன்கு விளங்கியது. ஆகவே வண்டியை நாமே ஓட்டுவது என முடிவாயிற்று.

சிறிய வெண்ணிற மைவி வண்டி ஒன்று கிடைத்தது. நாள் வாடகை 130 வெள்ளி. திருப்பித் தரத்தக்க முன்பணம் 200 வெள்ளி. ஓட்டுநர் உரிமத்தைப் படியெடுத்துக் கொண்டனர். வண்டியின் படம் வரைந்த தாள் ஒன்றை நீட்டிக் கையொப்பமிடச் சொன்னார், வண்டியைக் கொண்டுவந்த இளைஞர். எத்தகைய கீறல் எங்கெங்கே உள்ளது என்று அப்படத்தில் குறிக்க வேண்டும். அவருக்கோ அவசரம். நாமும் எழுதுகோலைத் திறந்துவிட்டோம். துணைவியார் தடுத்து, வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். இடப்பக்கக் கதவில் ஒரு கீறலையும் முன்சக்கரத்தின் மேல் ஒரு நசுங்கலையும் கண்டு, அவ்விரண்டையும் தாளில் குறிக்கச் செய்தார். எண்ணெய் எந்த அளவில் உள்ளது என்பதையும் எழுதச் செய்தார்.

பெற்றோர்களுக்கு இவ்விடத்தில் ஒரு சொல். என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே கைநாட்டு வைத்து அல்லற்பட்டவர்கள் நம் முன்னோர். இன்று நமக்கு எழுதப் படிக்கத் தெரியும். தெரிந்தும் படிக்காமல் கையொப்பமிடுவோமாயின், அந்தக் கைநாட்டுக்கும் நம் கையொப்பத்திற்கும் வேறுபாடு ஏது? பயிற்சி பெற்ற தலைமையாசிரியராகிய நாம் அன்று ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய துணைவியாரிடம் பாடம் கேட்டோம் என்பதை ஒளிக்காமல் கூறுகின்றோம்.

பூனை நகரில்

மலாய் மொழியில் 'கூச்சிங்' என்பது பூனையைக் குறிக்கும். நகரின் சாலைச் சந்திகளில் பெரிய பெரிய பூனைச் சிலைகள் நிற்கின்றன. 1988ஆம் ஆண்டில் மாநகரத் தகுதி பெற்ற கூச்சிங், வடக்கு தெற்கு என இரு நிருவாகங்களின் கீழ் இயங்கி வருகின்றது. நகரை ஊடறுத்துச் செல்கின்றது சரவாக் ஆறு. 1841ஆம் ஆண்டு ஜேம்ஸ் புரூக் என்னும் ஆங்கிலேயர் இங்கே ஆட்சியைப் பெற்றார். அவர் மரபினர் மூவர் 'வெள்ளை ராஜா' என்னும் பெயரில் நூறாண்டுகள் அரசாண்டனர். இரண்டாம் ராஜாவாகிய சார்ல்ஸ் புரூக் 1870இல் கட்டிய அஸ்தானா மாளிகையும், 1879இல் எழுப்பிய மார்கெரிட்டா கோட்டையும் ஆற்றின் வடகரையில் இன்றும் உள்ளன. 2017இல் திறக்கப்பட்ட பொன்னிறத் தாருல் ஹானா நடைபாலத்தில் நின்று, மாலை வெயிலில் ஆற்றின் இருகரைகளையும் கண்டோம். சிறிய படகுகள் மக்களை ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போய்வந்தன.

வண்டி ஓட்டுவது முதல் நாளில் எளிதாக இருக்கவில்லை. சாலை வட்டம் ஒன்றில் வெளியேறும் வழி தெரியாமல் மும்முறை சுற்றினோம். கைத்தொலைபேசியில் வழிகாட்டும் குரல் ஒன்று சொல்ல, துணைவியார் வேறொன்று சொல்ல, எம் கைகள் மூன்றாவது வழியில் வண்டியைத் திருப்பின. பின்னால் வந்தவர்கள் ஒலியெழுப்பி எம்மை விரட்டவில்லை; பொறுத்திருந்து வழிவிட்டனர். தவறிய வழியே எம்மை இந்தியா வீதிக்கு அருகில் கொண்டு சேர்த்தது. துணிக்கடைகள் நிறைந்த அவ்வீதியில், இரண்டு கடைகளுக்கு இடையே ஒருவர் பின் ஒருவராகச் செல்லத்தக்க குறுகிய சந்து ஒன்று உண்டு. அதனுள் சென்றால், முற்காலத்தில் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் காணப்படுகின்றது. இவ்வளவு தொலைவிலும் நம்மவர் காலடி பட்டிருக்கின்றதே என்று வியந்தோம். அதனினும் பெரிய வியப்பு மறுநாள் எமக்காகக் காத்திருந்தது.

ஊசி முனையில் ஊஞ்சல்

மறுநாள் காலை, நகருக்குத் தெற்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் உள்ள செமெங்கோவுக்குச் சென்றோம். தாயை இழந்தும், மனிதரிடம் கூண்டுகளில் சிக்கியும் துன்புற்ற ஓராங் ஊத்தான் குரங்குகளைக் காட்டு வாழ்க்கைக்கு மீண்டும் பழக்குவதற்காக, 1975ஆம் ஆண்டு இங்கே ஒரு மையம் ஏற்படுத்தப்பட்டது. சுற்றிலும் 653 ஹெக்டர் காடு. காலையும் பிற்பகலும் குறித்த நேரத்தில் பழங்களை மேடையில் வைப்பார்கள். விருப்பமுள்ள குரங்குகள் வரும், வராமலும் இருக்கும்.

ஐம்பது அறுபது பேர் மூச்சடக்கி நின்றோம். அரைமணி நேரம் ஒரு கிளையும் அசையவில்லை. பின்னர் மிக உயரத்தில் இலைகள் சலசலத்தன. செம்பழுப்பு மயிருடைய தாய்க்குரங்கு ஒன்று, வயிற்றில் குட்டி தொங்க, கட்டியிருந்த கயிற்றைப் பற்றி ஆடி ஆடி இறங்கிற்று. குட்டி ஒரு கையால் தாயைப் பற்றிக்கொண்டு மறுகையால் காற்றைத் துழாவியது. ஊசி முனையில் நிற்பது போன்று எம் நெஞ்சம் நடுங்கிற்று. குட்டிக்கோ அதுவே ஊஞ்சல்! எம் மாணவியின் வினா அப்போது நினைவுக்கு வந்தது.

"பழக்காலத்தில் ஒன்றுகூட வராது, காட்டிலேயே உணவு தேடிக்கொள்ளும். வந்த மக்களுக்கு ஏமாற்றம், எங்களுக்கு அதுதான் மகிழ்ச்சி" என்றார் அங்கிருந்த பணியாளர் ஒருவர். ஆசிரியப் பணியும் அத்தகையதே என எண்ணிக்கொண்டோம். நம்மை நாடி வராமலே தம் காலில் நிற்கும் மாணவரே நம் வெற்றி.

மாத்தாங் மலை

அங்கிருந்து நகரின் மேற்கே உள்ள குபா தேசியப் பூங்காவுக்கு வண்டியைத் திருப்பினோம். கூச்சிங்கிலிருந்து ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தொலைவு. செராப்பி மலை 911 மீட்டர் உயரத்தில் மேகத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றது. குபாவில் எம் கண்ணைக் கவர்ந்தவை பனைக் குடும்பத்து மரங்கள். 90க்கும் மேற்பட்ட வகைகள் இப்பூங்காவில் உள்ளன. தோட்டத்தில் வாழும் நாம் நாள்தோறும் காண்பது ஒரே ஒரு பனை: ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செம்பனை. அதற்கு முன் நம்மை வாழவைத்த பால்மரமும் இம்மண்ணுக்கு உரியதன்று. 1876ஆம் ஆண்டு பிரேசில் நாட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட விதைகளின் வழித்தோன்றல் அது. ஆனால் குபாவில் இருப்பவை இம்மண்ணின் சொந்தப் பனைகள். அன்று நம் லயங்களுக்குக் கூரையாயிருந்த அத்தாப்பும் ஒரு பனையின் ஓலை. சரவாக் மக்கள் உணவாகக் கொள்ளும் சவ்வரிசி மாவும் ஒரு பனையின் உள்ளீடு. இவ்வளவு ஏன்? மாணவர்களின் பாட்டனார்களை அக்காலத்து ஆசிரியர்கள் அச்சுறுத்திய பிரம்பும் பற்றிப் படரும் பனையே! கொக்கி போன்ற முட்களால் அது மரங்களைப் பிடித்து ஏறுவதைக் கண்டதும், நாம் மாணவராயிருந்தபோது வாங்கிய அடிகள் ஒன்றிரண்டு நினைவில் எழுந்தன.

இக்காட்டில் ஒரு விந்தைத் தவளை உண்டு. முழு வளர்ச்சி அடைந்தும் அது ஒரு பட்டாணி அளவைத் தாண்டாது. குடுவைச் செடியின் குடுவையில் தேங்கும் நீரிலே முட்டையிட்டு வாழ்கின்றது. சரவாக் பல்கலைக்கழக அறிஞர் ஒருவரும் ஜெர்மானிய அறிஞர் ஒருவரும் 2010ஆம் ஆண்டில்தான் அதனை உலகுக்கு அறிவித்தனர்.

பெயர்ப் பதிவேட்டில் எம் பெயரை எழுதுகையில், நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்ட காவலர், "மலைமேல் உங்கள் மக்கள் கட்டிய கோயில் இருக்கிறதே, அதைப் பார்க்கத்தானா வந்தீர்கள்?" என்று மலாய் மொழியில் கேட்டார். திகைத்து நின்றோம்.

அவர் சொன்னவற்றோடு பின்னர் யாம் படித்தறிந்தவற்றையும் சேர்த்துக் கூறுகின்றோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சார்ல்ஸ் புரூக் இம்மாத்தாங் மலைச்சரிவில் காடழித்துக் காப்பியும் தேயிலையும் பயிரிடச் செய்தார். அவ்வேலைக்காகக் கடல் கடந்து கொண்டுவரப்பட்டவர்கள் தமிழர்கள். நம் தோட்டங்களில் பால்மரங்கள் தழைப்பதற்கு முன்பே சரவாக்கில் ஒரு தமிழ்த் தோட்டம் இருந்திருக்கின்றது! அம்மக்கள் மலைமேல் மாரியம்மனுக்கு ஒரு சிறு கோயில் எடுத்தனர். பயிர் எதிர்பார்த்த ஆதாயம் தரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டம் கைவிடப்பட்டது. மக்கள் பலர் தாயகம் திரும்பினர். சிலர் இந்நாட்டிலேயே தங்கிவிட்டனர். காப்பிச் செடிகளைக் காடு விழுங்கிற்று. கோயிலையும் காடு மூடிக்கொண்டது. பல்லாண்டுகளுக்குப் பின்னர் கூச்சிங் வாழ் இந்தியர்கள் அதனைத் தேடிக் கண்டு புதுப்பித்தனர். இன்றும் அடியார்கள் காட்டு வழியே நடந்து சென்று வழிபட்டு வருகின்றனர்.

உடனே புறப்பட்டோம். வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு மலைமேல் நடந்தோம். ஒரு மணி நேரம் சென்றது. துணைவியாருக்கு முழங்கால் வலி, ஆயினும் "அம்மாளைப் பார்க்காமல் திரும்புவதா?" என்று முன்னே நடந்தார். அவர் பெற்றோர் வாழ்ந்த தோட்டத்துக் கோயிலும் ஒரு மாரியம்மன் கோயிலே. அத்தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறியபோது அக்கோயில் இடம் பெயர்ந்தது.

வானம் இருண்டது. இடி முழங்கி மழை கொட்டத் தொடங்கியது. இருட்டுமுன் இறங்க வேண்டும் என்று காவலர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கையில் விளக்கில்லை, வழியறிந்த துணையும் இல்லை. முயன்றால் எதுவும் கைகூடும் என்று முப்பது ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லி வந்தவர் நாம். அன்று அவ்வழியில் நின்று, திரும்புவது என்று முடிவு செய்தோம். கோயில் இருக்கும் திசை நோக்கித் துணைவியார் கைகூப்பி நின்றார். மழைநீரா கண்ணீரா என்று நாம் கேட்கவில்லை.

எம் மனத்தில் ஒரு சினம். யார்மீது என்று தெரியாத சினம். அச்சினத்தோடு வண்டியில் ஏறி, பின்னால் பார்க்காமல் பின்னோக்கி நகர்த்தினோம். 'கிரீச்' என்றொரு ஓசை. இறங்கிப் பார்த்தால், பின்பக்கப் பம்பரில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல்! மரக்கட்டை ஒன்றில் உரசியிருந்தது. ஓட்டத் தொடங்கி முப்பது ஆண்டுகளில் எம் சொந்த வண்டியில் செய்யாத பிழையை, பிறர் வண்டியில் செய்துவிட்டோம்.

பாக்கோவின் பாடம்

மூன்றாம் நாள் பாக்கோ தேசியப் பூங்கா. 1957ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இதுவே சரவாக்கின் முதல் தேசியப் பூங்கா. பரப்பு ஏறத்தாழ 27 சதுர கிலோமீட்டர். வண்டி பாக்கோ கம்பத்துப் படகுத்துறை வரையில்தான் செல்லும். அப்பால் ஏறத்தாழ அரைமணி நேரப் படகுப் பயணம். "கடல் வற்றுமுன் திரும்ப வேண்டும், மூன்று மணிக்குத் துறையில் இருங்கள்" என்று படகோட்டி சொல்லிவிட்டார். கடல் நீர் ஏறுவதும் இறங்குவதும் கண்டே அங்கு எல்லாம் நடைபெறுகின்றன. கடல் வற்றிய வேளைகளில் படகு கரையை அணுகாது. முழங்கால் நீரில் இறங்கி நடக்க வேண்டும். முதலை எச்சரிக்கைப் பலகையும் வைத்திருக்கின்றார்கள்!

அலையாத்திக் காட்டில் நீள்மூக்குக் குரங்குகளைக் கண்டோம். போர்னியோத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இவை இல்லை. பெரிய மூக்கும் பருத்த வயிறும் கொண்ட ஆண் குரங்கைக் கண்டு, அக்காலத்து மக்கள் 'ஒல்லாந்தர் குரங்கு' என்று மலாயில் பெயரிட்டனர். தாடிவைத்த காட்டுப்பன்றி ஒன்று, எவரையும் பொருட்படுத்தாமல் விடுதிகளுக்கு இடையே மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. வேறொரு குரங்கு, அயல்நாட்டார் ஒருவர் கையிலிருந்த ரொட்டியைப் பறித்துக்கொண்டு மரமேறிற்று. அவர் முகத்தையும் குரங்கின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தோம்.

மேட்டு நிலத்தில் ஏறினால் காடு திடீரென்று குட்டையாகிவிடுகின்றது. வெண்மணலும் பாறையும் கலந்த அந்நிலத்தைக் 'கெரங்காஸ்' என்பர். நெல் விளையாத நிலம் என்பது ஈபான் மொழியில் அதன் பொருள். மண்ணில் சத்தில்லை. அங்கேதான் குடுவைச் செடிகள் செழித்திருக்கின்றன. மண் தராத சத்தை, இலை நுனியில் குடுவை ஏந்தி, அதில் விழும் பூச்சிகளிலிருந்து அவை பெறுகின்றன. வறிய நிலத்தில் பிறந்தோமே என்று அச்செடி வாடி நிற்கவில்லை; வாழும் வழியைத் தானே அமைத்துக்கொண்டது. தோட்டத்துப் பிள்ளைகளிடம் இதனைத் தவறாமல் சொல்ல வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

லுண்டு நகருக்கு அருகில் உள்ள காடிங் மலைத் தேசியப் பூங்காவுக்கும் செல்ல விரும்பினோம். உலகின் மிகப்பெரிய மலர் இனமாகிய ரஃப்ளீசியா அங்கே பூக்கின்றது. அதற்கு இலையும் இல்லை, தண்டும் இல்லை. மொட்டு முதிர ஒன்பது திங்கள். விரிந்தபின் வாழ்வதோ நான்கைந்து நாள். தொலைபேசியில் கேட்டோம். அப்போது மலர்ந்தது ஒன்றும் இல்லை என்றனர். வண்டியை வாடகைக்கு எடுக்கலாம். மலரை எடுக்க முடியுமா?

சாவியைத் திருப்பித் தந்த நாள்

நான்காம் நாள் காலை. வண்டியைத் திருப்பித் தர வேண்டும். மலைச்சாலையிலும் படகுத்துறையிலும் படிந்த சேறு வண்டியின் பின்புறத்தை முற்றிலும் மூடியிருந்தது. கீறல் கண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வாறே விட்டுவிட்டால் யார் அறிவர்? முன்பணம் 200 வெள்ளியும் கைக்கு வரும். மாலையில் விமானத்தில் ஏறிவிடுவோம். இவ்வெண்ணம் எம் உள்ளத்தில் எழுந்தது என்பதை, எம் மாணவர்கள் படிக்கும் இம்மலரில் நாணத்தோடு ஒப்புக்கொள்கின்றோம். எழுந்தது மட்டுமன்று, எண்ணெய் நிலையத்திலிருந்து அலுவலகம் செல்லும் வரையில் எம்மோடு கூடவே வந்தது. துணைவியார் ஒன்றும் கூறவில்லை. முதல் நாள் கீறல்களைக் குறித்த அந்தத் தாளைக் கைப்பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவே.

அலுவலகத்தில் இருந்த இளம்பெண்ணிடம் நாமே சேற்றைத் துடைத்துக் கீறலைக் காட்டினோம். அவர் அளந்து பார்த்து, 120 வெள்ளியைப் பிடித்துக்கொண்டு 80 வெள்ளியைத் தந்தார். பின்னர், "நன்றி ஐயா. நீங்கள் சொல்லாதிருந்தால் இன்று நாங்கள் கண்டிருக்க மாட்டோம். பகலிலேயே வேறொரு குடும்பம் இந்த வண்டியை எடுக்கிறது. பழி அவர்கள் மேல் விழுந்திருக்கும்" என்றார்.

அச்சொல் எம்மைத் தைத்தது. நிறுவனத்துக்கும் எமக்கும் இடையே உள்ள கணக்கு என்றே அதுவரை எண்ணியிருந்தோம். நமக்குப் பின் வருகின்ற முகம் தெரியாத குடும்பம் ஒன்றை நாம் எண்ணிப் பார்க்கவே இல்லை. வாடகைப் பொருள் எதற்கும் அடுத்தவர் ஒருவர் உண்டு. அவருக்காகவும் நாம் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

விமானத்தில் அமர்ந்து இதனையே எண்ணி வந்தோம். தேசியப் பூங்கா என்பதும் இத்தகைய ஓர் இரவல் பொருள் அன்றோ? 1957இல் பாக்கோவை வெட்டாமல் காத்தவர்கள், அப்போது பிறந்திராத எம் மாணவர்களுக்காக அதனைக் காத்தார்கள். மாத்தாங் மலையில் உழைத்த தமிழர்களுக்கு அங்கே ஒரு சாண் நிலமும் சொந்தமில்லை. மண் ராஜாவுடையது, பயிர் ராஜாவுடையது, தங்கிய குடிலும் அவருடையதே. புறப்பட்டபோது அனைத்தையும் விட்டுச் சென்றனர். ஆயினும் தமக்குப் பின் வருவோர் கண்டு கைகூப்ப ஒன்றை வைத்துச் சென்றனர். அவர்கள் பெயரை நாம் அறியோம். மழையில் நனைந்து நின்ற எம் துணைவியார் கைகூப்பியது அவர்களுக்கும் சேர்த்தே என்று நாம் கருதுகின்றோம்.

தோட்டத்துப் பெருமக்களே! நாம் குடியிருக்கும் லயம் நமதன்று. வேலை ஓயும் நாளில் சாவியைத் திருப்பித் தரத்தான் வேண்டும். இந்தக் கவலை ஒவ்வொரு வீட்டிலும் இருப்பதை நாம் அறிவோம். எம் பெற்றோரும் அவ்வாறு சாவி தந்து வெளியேறியவர்களே. நம் பள்ளியில் ஒரு காலத்தில் இருநூறு பிள்ளைகள் பயின்றனர். இன்று 38 பேர் பயில்கின்றனர். நாளை இத்தோட்டம் என்னவாகும் என்று எம்மால் கூற இயலாது. ஆனால் திருப்பித் தர வேண்டாத பொருள் ஒன்று உண்டு. அது நம் பிள்ளைகள் இங்கே கற்றுக்கொண்டு செல்லும் கல்வி. அதனை எந்த நிருவாகமும் கணக்குப் பார்த்துத் திரும்பக் கேட்காது. ஆகவே பள்ளி இருக்கும் நாள்வரை, மழை பெய்தாலும், சம்பள நாள் என்றாலும், திருவிழா என்றாலும், பிள்ளைகளைத் தவறாமல் அனுப்பி வையுங்கள். பள்ளியின் மேசை, நாற்காலி, நூலகப் புத்தகம் அனைத்தையும் அடுத்த ஆண்டு வரும் பிள்ளைக்காகப் பேணக் கற்றுக்கொடுங்கள்.

இனி, அச்சிறுமியின் வினாவுக்கு விடை. விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்றே அவளை அழைத்துக் கூறினோம். தேசியப் பூங்காவில் ஊஞ்சல் உண்டு. ஆனால் நமக்காகக் கட்டப்பட்டதன்று. பிரம்பும் கொடியும் கிளையுமே அங்கே ஊஞ்சல்கள். காட்டுயிர்கள் அவற்றில் ஆடும். நாம் ஓசைப்படாமல் நின்று பார்த்துவிட்டு, எதையும் உடைக்காமல் திரும்பி வர வேண்டும்.

அவள் சிறிது நேரம் சிந்தித்தாள். பின்னர், "அந்த மலைமேல் உள்ள கோயிலுக்கு நீங்கள் திரும்பப் போவீர்களா, ஐயா?" என்று கேட்டாள்.

அடுத்த முறை காலையிலேயே புறப்படுவோம் என்று கூறினோம். நாம் போக இயலாவிட்டால் நீ போய் வந்து எமக்குச் சொல் என்றும் கூறினோம். தலையசைத்துவிட்டு வகுப்புக்கு ஓடினாள்.